புதுப்பிப்பு: 686 ரிவால்வர், ஸ்பீட்லோடர், முட்டி நிற்கும் தோட்டா – தீர்ந்தது

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. ஐடிபிஏ என்ற தற்காப்புக் கைத்துப்பாக்கி சுடும் போட்டிக்காக என் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 686 ரிவால்வரில், ஆறு தோட்டாவையும் ஒரே நேரத்தில் போட உதவும் ஸ்பீட்லோடரால் .38 ஸ்பெஷல் தோட்டா போடும்போது, ஆறில் ஒன்றிரண்டு சிலிண்டர் வாயிலேயே நின்றுவிடுகிறது என்று கேட்டிருந்தேன்.

வேலை செய்தது குண்டை மாற்றச் சொன்ன யோசனைதான். நான் போட்டது செமி-வாட்கட்டர் எனும் தட்டை மூக்குக் குண்டு. அதன் மூக்கு உள்ளே போனாலும், பின்னால் இருக்கும் கூரான தோள் துளையின் விளிம்பில் இடிக்கிறது. அதே 158 கிரெய்ன் எடையில் உருண்டை மூக்குக் குண்டுக்கு மாறினேன். லோடர் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் ஆறும் வழுக்கிக்கொண்டு இறங்குகின்றன.

லோடரில், குமிழைத் திருகும் ரகத்தை விட்டு சஃபாரிலேண்ட் காம்ப் 2 வாங்கினேன். நடுவில் அழுத்தினாலே விடுவித்துவிடுகிறது. நேரம் மிச்சமானது என்னவோ குண்டால்தான் அதிகம்; லோடரால் கொஞ்சம்.

எதிர்பாராதது ஒன்று: புது லோடர் இடப்பக்கக் கைப்பிடியில் உரசியது. தடித்த ரப்பர் பிடி. லோடருக்கு இடம்விட்டுச் செதுக்கிய மரப்பிடி போட்டதும் சரியானது. லோடர் வாங்குமுன் இதைப் பார்த்துவிடுங்கள்.

சிலிண்டர் வாயைச் சற்றே சரிவாக்கும் சேம்ஃபர் வேலை தேவைப்படவில்லை. செமி-வாட்கட்டரை விட மனமில்லாதவர்கள் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து அதைச் செய்துகொள்ளலாம்.

ஒரு நஷ்டமும் உண்டு. செமி-வாட்கட்டர் இலக்கு அட்டையில் பஞ்ச் அடித்த மாதிரி சுத்தமாக ஓட்டை போடும். உருண்டை மூக்கு கிழித்துக்கொண்டு போகிறது. அட்டையின் மதிப்பெண் கோட்டுக்கு ஒட்டி விழும் அடிகளில் மதிப்பெண் பார்ப்பவரோடு வாக்குவாதம் நிச்சயம்.