என்.டி.ஏ. ஆங்கிலம்: பிழை கண்டுபிடிக்கும் கேள்வியில் மட்டும் ஏன் சறுக்குகிறேன்?

ஒட்டன்சத்திரம்_பிளஸ்டூ

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தேன், இப்போது பிளஸ் டூ, அடுத்து வரும் என்.டி.ஏ. தேர்வு, அதாவது ராணுவ அதிகாரிப் பயிற்சி தரும் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேர்வதற்கான தேர்வு, எழுதப் போகிறேன். கணக்குத் தாளில் பயம் இல்லை. ஜி.ஏ.டி. என்கிற பொதுத் திறன் தாளில்தான் பிரச்சினை, அதில் ஆங்கிலத்துக்கு மட்டும் 50 கேள்வி, 200 மதிப்பெண். எதிர்ச்சொல், பத்தி படித்து விடை சொல்வது எல்லாம் ஓரளவு வந்துவிடுகிறது. ஆனால் ஒரு வாக்கியத்தை மூன்று துண்டாக்கி ஏ, பி, சி என்று அடிக்கோடிட்டு, எதில் தப்பு என்று கேட்கிறார்களே, தப்பே இல்லை என்றால் டி போடச் சொல்கிறார்களே, அங்கேதான் எல்லாமே எனக்குச் சரியாகத் தெரிகிறது. நேற்று பழைய தாள்களிலிருந்து 20 வாக்கியம் எடுத்துப் போட்டுப் பார்த்தேன், 7தான் சரி. இலக்கண விதிகளைப் படித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். வாக்கியத்தைப் பார்த்ததும் எந்த விதியும் ஞாபகத்துக்கு வரவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

வாத்தியார்_மதுரை

நான் முப்பது வருடம் மேல்நிலை வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்தவன், சொல்கிறேன் கேளும்மா. உனக்கு விதி தெரியாமல் இல்லை. நீ காதை வைத்துத் திருத்துகிறாய், உன் காதோ தமிழ்க் காது. ஒரு வாக்கியம் தமிழில் எப்படிச் சொல்வோமோ அப்படியே ஆங்கிலத்தில் வந்தால் அது சரியாகத்தான் கேட்கும். கேள்வியில் தப்பு ஒளிந்திருப்பதும் பெரும்பாலும் அங்கேயேதான்.

'ஹி இஸ் லிவிங் இன் மதுரை ஃபார் டென் இயர்ஸ்' என்பதைப் பார். பத்து வருடமாக மதுரையில் இருக்கிறான் என்று தமிழில் நிகழ்காலத்தில்தான் சொல்வோம், அதனால் 'இஸ் லிவிங்' உன் காதில் உறுத்தாது. ஆங்கிலத்தில் முன்பே தொடங்கி இன்னும் நடக்கிற காரியத்துக்கு 'ஹேஸ் பீன் லிவிங்' வேண்டும். அதே மாதிரி, தேர்வைப் பற்றி விவாதித்தோம் என்கிறோம், ஆகவே 'டிஸ்கஸ்ட் அபவுட் தி எக்ஸாம்' நமக்கு இயல்பாகக் கேட்கிறது; அந்த 'அபவுட்' கூடாது. ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தேன் என்பதில் 'கு' இருப்பதால் 'ரீச்ட் டு தி ஸ்டேஷன்' தப்பாகத் தெரியாது. தகவல்கள், அறிவுரைகள் என்று நாம் 'கள்' சேர்க்கிறோம், அதனால் 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைசஸ்' எல்லாம் கண்ணில் படாமலேயே போய்விடும். ஃபர்னிச்சர், லக்கேஜ், சீனரி, எக்விப்மென்ட் எல்லாமே இந்தக் கூட்டம்தான், ஒன்றுக்கும் 'எஸ்' கிடையாது.

பேச்சுத் தமிழில் இன்னொரு பழக்கம் இருக்கிறது. மாடுகள் வந்தன என்று எழுதுவோம், பேசும்போது மாடெல்லாம் வந்துச்சு என்றுதான் சொல்வோம். அஃறிணையில் ஒருமை வினையையே பன்மைக்கும் போட்டுப் பழகிவிட்டதால் 'வாஸ்', 'வேர்' வித்தியாசம் நமக்கு உறுத்துவதே இல்லை. தேர்வில் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான், அதனால் ஒன்றைப் பொறுமையாகப் பார்க்கலாம்.

'தி லிஸ்ட் ஆஃப் புக்ஸ் ரெகமெண்டட் பை தி டீச்சர்ஸ் / வேர் பேஸ்டட் ஆன் தி நோட்டீஸ் போர்டு / பிஃபோர் தி ஹாலிடேஸ் பிகேன்.' முதலில் வினைச்சொல்லில் விரலை வை: 'வேர் பேஸ்டட்'. அப்புறம் தமிழிலேயே கேள், எது ஒட்டப்பட்டது? புத்தகமா, ஆசிரியர்களா, பட்டியலா? பட்டியல்தான். பட்டியல் ஒன்று, ஆக 'வாஸ்'. பி துண்டில் தப்பு. 'லிஸ்ட்'டுக்கும் வினைக்கும் நடுவில் புக்ஸ், டீச்சர்ஸ் என்று இரண்டு பன்மையைக் கொண்டுவந்து போட்டதே உன்னைத் திசைதிருப்பத்தான். 'அலாங் வித்', 'ஆஸ் வெல் ஆஸ்' வரும் வாக்கியங்களும் இப்படித்தான்: கேப்டன் தன் ஆட்களோடு வந்தார் என்றால் வந்தவர் கேப்டன், 'தி கேப்டன் அலாங் வித் ஹிஸ் மென் வாஸ்'. வாக்கியத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசிப்பதற்கு முன்பே வினையைத் தேடு. ஒரு வாரம் இதை மட்டும் செய்தால் போதும்.

இரண்டாம்_முயற்சி

தங்கச்சி, நான் இரண்டாவது தடவை எழுதியபோதுதான் எழுத்துத் தேர்வில் தேறினேன். சார் சொன்னதோடு மதிப்பெண் கணக்கையும் பார்த்துக்கொள். ஒரு கேள்விக்கு 4, தப்பானால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1.33 போய்விடும். ஒன்றுமே தெரியாமல் குத்துமதிப்பாக நான்கு கேள்விக்கு விடை போட்டு ஒன்று சரியானால் வந்த 4 மற்ற மூன்றிலும் போய்விடும், கையில் ஒன்றும் மிஞ்சாது. ஆனால் இரண்டு துண்டில் தப்பில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் மிச்சம் இருப்பதில் ஒன்றைத் தைரியமாகப் போடு, இரண்டுக்கு ஒன்று சரியானாலும் 2.67 கிடைக்கும்.

முதல் தடவை நான் கோட்டை விட்டது நேரத்தில். ஜி.ஏ.டி. முழுவதுக்கும் 150 கேள்வி, இரண்டரை மணி நேரம், கேள்விக்கு ஒரு நிமிடம்தான். நான் பிழை வாக்கியம் ஒவ்வொன்றையும் நாலைந்து தடவை வாசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலாவது தடவை வாசிக்கும்போது சரியான வாக்கியம்கூடத் தப்பாகத் தெரிய ஆரம்பிக்கும்.

டி என்ற விடையும் உண்மையிலேயே வரும், அதைப் பார்த்துப் பயப்படாதே. பழைய தாள்கள் இந்தத் தேர்வை நடத்தும் யூ.பி.எஸ்.சி. இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன, அங்கிருந்து எடு. நான் படித்த ஒரு பயிற்சி மையம் கொடுத்த விடைத்தாளில் சரியான வாக்கியங்களையே தப்பு என்று குறித்திருந்தார்கள், அதைப் பார்த்து இரண்டு மாதம் குழம்பியது இன்னும் வலிக்கிறது.

கோவை_அக்கா

நான் வேறு மாதிரி சொல்வேன். தினமும் ஆங்கிலச் செய்தித்தாளில் ஒரு கட்டுரையை வாய்விட்டு வாசி. 'ப்ரிஃபர்' பக்கத்தில் 'டு' வரும், 'சீனியர்' பக்கத்திலும் 'டு' வரும், 'ஹார்ட்லி' வந்தால் பின்னால் 'வென்', 'நோ சூனர்' வந்தால் 'தேன்', 'கோப்' பக்கத்தில் 'அப்' வராது. இதையெல்லாம் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதைவிட வாயில் பழகிவிட்டால் தானாக வரும். என் மகன் அப்படித்தான் பிடித்தான்.

வாத்தியார்_மதுரை

அம்மா சொல்வதும் சரிதான், காது மாறுவதற்கு வாசிப்பைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அதற்கு ஒரு வருடமாவது வேண்டும், இந்தப் பிள்ளைக்கு இருப்பது சில மாதங்கள். வாசிப்பு ஒரு பக்கம் நடக்கட்டும், தேர்வறையில் வினையைத் தேடுகிற பழக்கம்தான் கைகொடுக்கும்.

ஒன்று விட்டுவிட்டேன். தமிழ் எப்போதும் காலை வாரிவிடும் என்று நினைத்துவிடாதே. 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' சரியா என்று சந்தேகம் வந்தால் தமிழில் சொல்லிப் பார். என் நண்பனில் ஒருவன் என்போமா? நண்பர்களில் ஒருவன். ஆகவே 'ஃப்ரெண்ட்ஸ்'. 'தோ இட் ரெயின்ட், பட் ஹி வென்ட்' வந்தால், மழை பெய்தாலும் ஆனால் போனான் என்று யார் சொல்வார்? 'தோ'வும் 'பட்'டும் சேர்ந்து வராது.

ஒட்டன்சத்திரம்_பிளஸ்டூ

சார், ரொம்ப நன்றி. இன்று வேறு 20 வாக்கியம் எடுத்து வினைச்சொல்லுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு ஆரம்பித்தேன், 13 சரி. தப்பானதையெல்லாம் ஒரு நோட்டில் இடது பக்கம் தமிழிலும் வலது பக்கம் ஆங்கிலத்திலும் எழுதி வைத்திருக்கிறேன். அண்ணா, நீங்கள் சொன்ன 2.67 கணக்கையும் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. 'ஃபைவ் ஹண்ட்ரட் ருப்பீஸ் இஸ் டூ மச் / ஃபார் திஸ் பேக் / வித் எ புரோக்கன் ஸிப்' என்று நானே ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன். சார் சொன்னபடி எது அதிகம் என்று கேட்டால் ஐந்நூறு ரூபாய், அது பன்மைதானே, 'ஆர்' வர வேண்டாமா?

வாத்தியார்_மதுரை

நல்ல கேள்வி. நீ எழுதியதே சரி, தேர்வில் வந்தால் டி போடு. கடைக்காரரிடம் பேரம் பேசும்போது ஐந்நூறு ரூபாய் ரொம்ப அதிகம் என்கிறாய், ஒவ்வொரு ரூபாயாக எண்ணிக்கொண்டிருக்கவில்லை. அது ஒரே விலை, ஒரே தொகை. தூரமும் காலமும் அப்படித்தான்: 'டென் கிலோமீட்டர்ஸ் இஸ் எ லாங் டிஸ்டன்ஸ்', 'த்ரீ மந்த்ஸ் இஸ் எனஃப்'. ஆனால் மேசை மேல் ஐந்து நூறு ரூபாய் நோட்டு கிடக்கிறது என்று வை, அங்கே எண்ணுகிறாய், 'ஃபைவ் நோட்ஸ் ஆர் ஆன் தி டேபிள்'. இதையும் அந்த நோட்டில் எழுதிக்கொள். அந்த 7 தப்பில் எத்தனை வினைச்சொல்லில், எத்தனை 'டு', 'அபவுட்' மாதிரி சின்னச் சொல்லில் என்று பிரித்துப் போடும்மா, நாளைக்கு அதைப் பார்க்கலாம்.