ஸ்குவாட்ரனுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

சு. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். பள்ளி மாணவருக்கான வரலாற்று நூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் இலங்கையைத் தாக்கிய கதை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். முதல் அத்தியாயத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கிறேன். 413ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப்படைப் பிரிவைச் சேர்ந்த, ஸ்குவாட்ரன் லீடர் என்ற பதவியிலிருந்த லெனார்ட் பர்ச்சால் ஏப்ரல் 4 அன்று கொக்கலையிலிருந்து கட்டலினா விமானத்தில் ரோந்து போகிறார், ஜப்பானியக் கப்பல்களைக் காண்கிறார், கம்பியில்லாத் தந்தியில் எச்சரிக்கை அனுப்புகிறார், சுட்டு வீழ்த்தப்படுகிறார். கதையில் சிக்கல் இல்லை. ஸ்குவாட்ரனைப் ‘படைப்பிரிவு’ என்று போட்டேன். அடுத்த பக்கத்தில் பல ஸ்குவாட்ரன்கள் சேர்ந்த விங் வந்தது; அதுவும் படைப்பிரிவு. பிறகு ஸ்குவாட்ரனின் உட்பிரிவான ஃப்ளைட். ஒரே வாக்கியத்தில் மூன்று படைப்பிரிவுகள் ஒன்றின் மடியில் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. கைகொடுங்கள்.

புலவர் ஐயா எழுதியது:

முதலில் வேரைப் பார்ப்போம். ஸ்குவாட்ரன் இத்தாலிய மொழிச் சொல்லிலிருந்து வந்தது. சதுரமாக நிற்கும் படை என்பது அடிப்பொருள். ‘நான்கு’ என்பதற்கான லத்தீன் சொல்லே அதற்கு மூலம். நால்வகைப் படையைச் சதுரங்கம் என்றோமே, அந்தச் ‘சதுர்’ லத்தீன் நான்கின் உடன்பிறப்பு. ஆனால் சதுர் வடசொல், வேண்டாம். வானில் கூட்டமாகச் செல்வனவற்றுக்குச் சங்கப் புலவர்கள் வைத்த சொல் ‘தொழுதி’. பறவைக் கூட்டம். ‘பறை’ என்பதற்குப் பறத்தல் என்ற பொருளும் உண்டு. எனவே ‘பறைத்தொழுதி’. அகராதியில் தூங்கும் சொல்லை எழுப்புங்கள்.

இரா. எழுதியது:

ஐயா, நான் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். பறைத்தொழுதி என்று கரும்பலகையில் எழுதினால் ‘பறையைத் தொழுதவன் யார், டீச்சர்?’ என்று கேட்பான். சொல் அழகாக இருக்கிறது. ஆனால் அதைப் புரியவைக்கும் நேரத்தில் போரே முடிந்துவிடும். ‘படையணி’ போதாதா? அல்லது ‘பறந்தலை’? பறப்பதும் இருக்கிறது, போரும் இருக்கிறது.

புலவர் ஐயா எழுதியது:

பறந்தலை என்றால் போர்க்களம், பாழ்நிலம். வெண்ணிப் பறந்தலையில் கரிகாலன் எந்த விமானத்தில் ஏறி வந்தான் அம்மா? தமிழாசிரியரே இப்படி எழுதினால் நான் யாரிடம் முறையிடுவது?

யோ. எழுதியது:

வணக்கம். நான் பிறந்தது திருகோணமலை. ஜெர்மனிக்கு வந்து 30 ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு குறிப்புகள்.

எங்கள் பக்கத்து எழுத்தில் ‘படையணி’ என்றால் பல நூறு பேர் கொண்ட பெரிய தரைப்படைப் பிரிவுதான் உடனே நினைவுக்கு வரும். ஏப்ரல் 9 அன்று சீனக்குடாவிலிருந்து எழுந்த 261ஆம் ஸ்குவாட்ரனுக்கு அந்தச் சொல்லைப் போட்டால் எங்கள் வாசகர் வானத்தைப் பார்க்க மாட்டார், காட்டைப் பார்ப்பார்.

அடுத்தது வேர்ச்சொல். புலவர் ஐயா சொல்லும் அதே இத்தாலியச் சொல் ஜெர்மனில் ‘கெஷ்வாடர்’ ஆகியிருக்கிறது. ஆனால் இரண்டாம் உலகப் போரில் அது ஸ்குவாட்ரனைவிடப் பல மடங்கு பெரிய பிரிவின் பெயர். ஸ்குவாட்ரனுக்கு இணையானதை ஜெர்மானியர் ‘ஷ்டாஃபல்’ என்றார்கள். அதன் பழைய பொருள் ஏணிப்படி. ஒரே வேர், இரண்டு அளவு. மேலும், பிரித்தானிய முறையில் குரூப் பெரியது, விங் சிறியது. அமெரிக்க விமானப்படையில் தலைகீழ். வேரைப் பிடித்துக்கொண்டு போனால் வேறு யாருடைய தோட்டத்திலோ போய் நிற்போம்.

நா. எழுதியது:

அப்படியானால் அளவை வைத்தே பெயர் சூட்டலாம். பாரதப் போரின் படைக்கணக்கு நமக்கு இருக்கிறதே. ஒரு தேர், ஒரு யானை, மூன்று குதிரை, ஐந்து காலாள் சேர்ந்தால் பத்தி. மூன்று பத்தி ஒரு சேனாமுகம். மூன்று சேனாமுகம் ஒரு குல்மம், அதாவது ஒன்பது தேர். இப்படியே மும்மடங்காக ஏறி, கடைசியில் பத்து மடங்காகி அக்குரோணி. அதில் தேர் மட்டும் 21,870. 1940இல் பிரித்தானியப் போர் விமானங்களும் மூன்று மூன்றாகத்தான் பறந்தன. மூன்று சேர்ந்தால் ஒரு செக்‌ஷன், நான்கு செக்‌ஷன் சேர்ந்த பன்னிரண்டு ஒரு ஸ்குவாட்ரன். ஆகவே குல்மம். கணக்கு கிட்டத்தட்டச் சரியாக வருகிறது.

இரா. எழுதியது:

ஒன்பதும் பன்னிரண்டும் கிட்டத்தட்டச் சரி என்று கணக்கு ஆசிரியரிடம் சொல்லிப் பாருங்கள். குல்மம் என்றால் வயிற்றுநோய் என்றும் பொருள் உண்டு.

மா. எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் புலவன் இல்லை. விமானப்படையில் தரைப்பணியில் இருந்து ஓய்வு பெற்றவன், சூலூர்க்காரன். எண்ணிக்கையை நம்பாதீர்கள். இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியில் தொடங்கியபோது இருந்தது நான்கு வாபிட்டி விமானங்கள். ஒரு ஃப்ளைட்டுக்குத்தான் காணும், ஆனாலும் பெயர் ஸ்குவாட்ரன். 1944இல் அதே ஸ்குவாட்ரன் அர்ஜன் சிங் தலைமையில் ஹரிக்கேன் விமானங்களோடு இம்பாலில் நின்றது. சு. எழுதும் 1942 தாக்குதலில் கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்து 258ஆம் ஸ்குவாட்ரனின் ஹரிக்கேன்கள் 14 எழுந்தன, 9 வீழ்ந்தன. மிச்சம் ஐந்து என்பதால் மறுநாள் அது ஸ்குவாட்ரன் இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

ஸ்குவாட்ரன் என்பது விமானக் கூட்டம் அன்று. அது ஓர் எண். ஆள் மாறுவான், விமானம் மாறும், ஊர் மாறும், எண் மட்டும் நிற்கும். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் நாட் விமானத்தில் பாகிஸ்தானின் பல சேபர் போர் விமானங்களோடு தனியாகப் பொருது இறந்த நிர்மல் ஜித் சிங் சேகோன் 18ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்தவர். விமானப்படைக்குக் கிடைத்த ஒரே பரம் வீர் சக்ரா அவருடையது. அந்த ஸ்குவாட்ரன் பிறகு மிக் ஓட்டியது. 2016இல் ‘நம்பர்பிளேட்’ ஆயிற்று, அதாவது எண்ணை மட்டும் பத்திரமாக எடுத்துவைத்தார்கள். 2020 மே மாதம் எங்கள் சூலூரில் தேஜஸ் போர் விமானங்களோடு மறுபடி எழுந்தது. சேகோன் பார்த்த எதுவும் அதில் இல்லை. ஆனாலும் அதே ஸ்குவாட்ரன்.

பர்ச்சாலின் கட்டலினா பக்கவாட்டில் எழுதியிருந்த எழுத்துகள் கியூ, எல், ஏ. கியூ எல் ஸ்குவாட்ரனுக்கு, ஏ அந்த விமானத்துக்கு. நம் ஊர் வழக்கப்படி சொன்னால் முதலிரண்டும் இனிஷியல், மூன்றாவதுதான் பெயர். 413 என்ற எண்ணிலேயே ஊரும் இருக்கிறது. 400 முதல் கனடா, 450 முதல் ஆஸ்திரேலியா, 485 முதல் நியூசிலாந்து என்று ஒதுக்கியிருந்தார்கள். இதற்குத் தொழுதி என்றால், மாலையில் கலைந்துபோகிற கொக்குக் கூட்டம்தான் எனக்குத் தெரிகிறது.

புலவர் ஐயா எழுதியது:

கொக்கு மறுநாளும் அதே மரத்துக்கு வருமே ஐயா. இருந்தாலும் இனிஷியல் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. அப்படியானால் ‘குடி’ என்று சொல்லுங்கள். 413ஆம் வான்குடி.

இரா. எழுதியது:

குடி வேண்டாம். விமானி என்று வேறு இருக்கிறது. தலைப்பைப் படித்துவிட்டுப் பெற்றோர் பள்ளிக்கு வருவார்கள்.

க. எழுதியது:

ஏன் இத்தனை பாடு? 2019 பிப்ரவரியில் அபிநந்தன் பிடிபட்ட நாளிலிருந்து ‘விங் கமாண்டர்’ டீக்கடை வரை தெரிந்த சொல். யாராவது ‘சிறகுத் தளபதி’ என்றார்களா? பஸ்ஸைப் போல ஸ்குவாட்ரனையும் விட்டுவிடுங்கள்.

புலவர் ஐயா எழுதியது:

பஸ்ஸை விட்டோம், இப்போது ஸ்குவாட்ரன். நாளை எதை விடச் சொல்வீர்கள்?

மா. எழுதியது:

பதவியை மட்டும் மொழிபெயர்க்காதீர்கள் என்று நானும் சொல்வேன். 1940இல் போர் விமான ஸ்குவாட்ரனுக்கு ஸ்குவாட்ரன் லீடரே தலைவர். இன்று இந்தியாவில் விங் கமாண்டரோ குரூப் கேப்டனோ தலைமை ஏற்கிறார். பர்ச்சால் அன்று நடத்திச் சென்றது ஒரே ஒரு விமானம், அவரோடு சேர்த்து ஒன்பது பேர். பெயரை நம்பி ‘அணித்தலைவர்’ என்று போட்டால் பிள்ளைகள் டாஸ் போட்டது யார் என்று கேட்பார்கள்.

யோ. எழுதியது:

பதவிக்குக் கடன்சொல், பிரிவுக்குத் தமிழ்ச்சொல். ‘வானணி’? எனக்குப் பெரிய காதல் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் படையணியோடு மோதாது, வாசித்ததும் புரியும், ‘413ஆம் வானணி’ என்று எண்ணோடும் ஒட்டிக்கொள்ளும்.

புலவர் ஐயா எழுதியது:

தண்டியலங்காரத்தில் பொருளணி 35. முப்பத்தாறாவதாக வானணி. எடுத்துக்காட்டுச் செய்யுளையும் நானே எழுதித் தந்துவிடட்டுமா?

சு. எழுதியது:

வியாழன் இரவு 11 மணி. அச்சகத்திலிருந்து இருமுறை அழைத்துவிட்டார்கள். எண்ணிப் பார்த்தேன்: வானணிக்கு ஐந்து பேர், ஸ்குவாட்ரனுக்கு இருவர், தொழுதிக்கு ஒருவர், குல்மத்துக்கு ஒருவர். ஐவரில் இருவர் ‘சரி, போகட்டும்’ என்று மட்டுமே எழுதியிருக்கிறார்கள். அதையும் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். முதல் இடத்தில் ‘ஸ்குவாட்ரன் எனப்படும் வானணி’, பிறகு வானணி. பதவிப் பெயர்கள் அப்படியே. மா. ஐயாவின் இனிஷியல் விளக்கத்தை, அவர் அனுமதித்தால், கட்டலினா படத்துக்குக் கீழே போட ஆசை. புலவர் ஐயா, தொழுதிக்குப் பின்னிணைப்பில் ஒரு வரி இருக்கும்.

இரா. எழுதியது:

நல்லது. ஃப்ளைட்டுக்கு என்ன வைத்தீர்கள்?

சு. எழுதியது:

சிற்றணி என்று வைத்திருக்கிறேன். தயவுசெய்து இப்போது யாரும் எதுவும் சொல்லாதீர்கள்.

புலவர் ஐயா எழுதியது:

பின்னிணைப்பை யார் படிக்கிறார்கள்?