கர்னலைப் புதுப்பித்தபோது வந்த ‘ஃபர்ம்வேர் இல்லாமல் இருக்கலாம்’ எச்சரிக்கை

கேள்வி

வணக்கம். என் மடிக்கணினியில் டெபியன் 12 இயங்குகிறது. இன்டெல்லின் 6-ஆம் தலைமுறைச் செயலி; கிராஃபிக்ஸும் அதனுள்ளேயே இருப்பதுதான். நேற்று பேக்போர்ட்ஸிலிருந்து (நிலையான பதிப்புக்குப் புதிய தொகுப்புகளைத் தரும் டெபியன் களஞ்சியம்) 6.12 கர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையக்கருவை, நிறுவினேன். வேலை முடியும் தறுவாயில், இனிட்ராம்எஃப்எஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஏற்றப்படும் சிறு கோப்புத் தொகுதி) உருவாகிக்கொண்டிருந்தபோது, ‘ஐ915 மாட்யூலுக்குரிய (கர்னலில் ஏற்றப்படும் இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவர்) இந்த ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள் ஏற்றப்படும் சிறு நிரல்) கோப்பு இல்லாமல் இருக்கலாம்’ என்ற பொருளில் பத்துப் பன்னிரண்டு வரிகள் திரையில் ஓடின. ஈதர்நெட்டுக்கான ஆர்8169 மாட்யூலின் பெயரிலும் இரண்டு மூன்று வரிகள் வந்தன. நிறுவல் பிழையின்றி முடிந்ததாகவே தெரிகிறது. ஆனாலும் மறுதொடக்கம் செய்தால் திரை வராமல் போய்விடுமோ என்ற அச்சத்தில் கணினியை அணைக்காமல் வைத்திருக்கிறேன். அந்தக் கோப்புகளை எங்கிருந்தாவது பதிவிறக்கி வைக்க வேண்டுமா?

பதில் 1

தயங்காமல் மறுதொடக்கம் செய்யலாம். பழைய 6.1 கர்னல் நீக்கப்படவில்லை என்றால் அது கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் அப்படியேதான் இருக்கும். புதியது ஒத்துவராவிட்டால் அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே வந்துவிடலாம்.

அந்த வரிகளை எழுதுவது கர்னல் அன்று. இனிட்ராம்எஃப்எஸ்ஸைக் கட்டும் கருவி. ஒவ்வொரு மாட்யூலும் தனக்குத் தேவைப்படக்கூடிய ஃபர்ம்வேர் கோப்புகளின் பெயர்களைத் தன்னுள்ளேயே குறித்துவைத்திருக்கிறது. மாட்இன்ஃபோ கட்டளையால் அந்தப் பட்டியலை நீங்களே பார்க்கலாம். கருவி, தான் சேர்க்கும் மாட்யூல் ஒவ்வொன்றின் பட்டியலையும் எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரில் கோப்பு வட்டில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. உங்கள் கணினியில் எந்தச் சில்லு இருக்கிறது என்பதை அது அப்போது விசாரிப்பதில்லை. ஐ915 என்பது ஸ்கைலேக் (உங்கள் 6-ஆம் தலைமுறை) முதல் மீட்டியோர் லேக் வரை பல தலைமுறைகளுக்கும் பொதுவான ஒரே டிரைவர். ஆகவே உங்களிடம் இல்லாத சில்லுகளின் கோப்புகளும் அதன் பட்டியலில் இருக்கின்றன. அவற்றுள் எது வட்டில் இல்லையோ அதற்கெல்லாம் ஒரு வரி வந்துவிடுகிறது. ‘இல்லாமல் இருக்கலாம்’ என்று அது ஐயத்தோடு சொல்வதற்குக் காரணம் இதுதான்.

நேற்று ஏன் இத்தனை வரிகள் என்பதற்கும் விடை இருக்கிறது. கர்னலைப் பேக்போர்ட்ஸிலிருந்து எடுத்தீர்கள். ஃபர்ம்வேர் தொகுப்போ 2023-இல் வெளியான நிலையான பதிப்பிலேயே நின்றுவிட்டது, ஏனெனில் நாம் வெளிப்படையாகக் கேட்டாலொழிய, தொகுப்புகளை நிறுவும் கருவியான ஆப்ட் பேக்போர்ட்ஸிலிருந்து எதையும் தானாகக் கொண்டுவருவதில்லை. புதிய கர்னல் அறிந்த சில்லுகளைப் பழைய தொகுப்பு அறியாது. கர்னலை அங்கிருந்து எடுப்பவர் ஃபர்ம்வேரையும் அங்கிருந்தே எடுப்பதுதான் முறை என்பது என் கருத்து. அதற்கு ஆப்டின் மூலப் பட்டியலில் ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ பிரிவு இருக்க வேண்டும். 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவெடுத்த பிறகு, 12-ஆம் பதிப்பில்தான் இந்தப் பிரிவு தனியாக வந்தது.

ஆர்8169 வரிகளும் இதே வகைதான். அந்த டிரைவர், ஃபர்ம்வேர் கிடைக்காவிட்டால் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டுப் பெரும்பாலும் தொடர்ந்து இயங்கும். ஏஎம்டி கிராஃபிக்ஸுக்கான ஏஎம்டிஜிபியூ என்றால் நான் இவ்வளவு நிதானமாக எழுதியிருக்க மாட்டேன். தன் சில்லுக்குரிய ஃபர்ம்வேர் இல்லாமல் அது ஒழுங்காகத் தொடங்காது.

பதில் 2

இந்த வரிகள் கண்ணை உறுத்தினால், அந்தப் பெயர்களில் வெற்றுக் கோப்புகளை உருவாக்கி வைத்துவிடலாம். அடுத்த முறை எச்சரிக்கை வராது.

பதில் 3

மேலே சொன்ன யோசனையைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். எச்சரிக்கை நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் நாளை அந்த வட்டை வேறொரு கணினியில் பொருத்தினாலோ, புதிய அட்டை ஒன்றைச் செருகினாலோ, உண்மையாகவே தேவைப்படும் கோப்பு வெறுமையாக இருக்கும். அதைப் பற்றி எச்சரிக்க வேண்டிய கருவியின் வாயை நாமே அடைத்திருப்போம். வரிகளைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால், இனிட்ராம்எஃப்எஸ் அமைப்புக் கோப்பில் மாட்யூல்ஸ் என்பதன் மதிப்பை ‘மோஸ்ட்’ என்பதிலிருந்து ‘டெப்’ என்று மாற்றலாம்; இந்தக் கணினிக்கு வேண்டிய மாட்யூல்கள் மட்டுமே அப்போது சேரும். ஆனால் அப்படிக் கட்டிய வட்டு வேறு கணினியில் தொடங்காமல் போகலாம் என்பதால் அதையும் நான் பரிந்துரைப்பதில்லை.

கேட்டவர்

மறுதொடக்கம் செய்தேன், திரை வழக்கம்போல் வந்தது. டிமெஸ்ஜி கட்டளை காட்டும் கர்னல் பதிவில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடியபோது, ஸ்கைலேக்குக்குரிய டிஎம்சி ஃபர்ம்வேர் கோப்பு, பதிப்பு 1.27, ஏற்றப்பட்டதாக ஐ915 எழுதியிருக்கிறது. ஆனால் நான் பின்னர் வாங்கிப் பொருத்திய ஏஎக்ஸ்200 வைஃபை அட்டைக்கு, அதன் டிரைவரான ஐடபிள்யூஎல்வைஃபை சில வரிகளில் ‘ஏற்ற முடியவில்லை, பிழை -2’ என்கிறது. இதுவாவது உண்மையான குறையா?

பதில் 1

-2 என்பது ‘அப்படியொரு கோப்பு இல்லை’ என்பதற்கான குறியீடு. இந்த டிரைவர், தான் அறிந்த மிக உயர்ந்த பதிப்பு எண்ணில் தொடங்கி, கிடைக்கும்வரை ஒவ்வொன்றாகக் கீழிறங்கித் தேடும் வழக்கமுடையது. ஆகவே -2 வரிகளோடு நிறுத்திவிடாமல் அவற்றுக்குக் கீழே படியுங்கள். ஃபர்ம்வேர் ஏற்றப்பட்டது என்ற வரி ஒன்று பதிப்பு எண்ணோடு இருந்தால் அட்டைக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. யோயோ என்ற சொல் வரும் கோப்பு ஒன்றையும் அது தேடியிருக்கும். அது பிழை ஆராய்வோருக்கானது, நமக்குத் தேவையில்லை. அந்த ஏற்றப்பட்ட வரி எங்குமே இல்லாமல் வைஃபையும் வேலை செய்யவில்லை என்றால் மட்டும், ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை தொகுப்பைப் பேக்போர்ட்ஸிலிருந்து நிறுவிவிட்டு இங்கே எழுதுங்கள்.

கேட்டவர்

கீழே படித்தேன். நான்காவது -2 வரிக்குப் பிறகு ஏற்றப்பட்ட வரி இருக்கிறது. இதை வைஃபை இணைப்பிலிருந்துதான் எழுதுகிறேன். ஃபர்ம்வேர் தொகுப்புகளை இன்றே பேக்போர்ட்ஸுக்கு மாற்றிவிடுகிறேன். நன்றி.