மறு: பஃபெட்டிங்குக்கு ‘காற்றுமொத்தல்’ சரியா வருமா?

அண்ணா வணக்கம்,

நம்ம கலைச்சொல் பட்டியல்ல பஃபெட்டிங்குக்கு, அதாவது பைக்ல வேகமா போறப்ப காத்து ஹெல்மெட்ட மாத்தி மாத்தி அடிக்கறதுக்கு, ‘காற்றுக் கொந்தளிப்பு’ன்னே வச்சுக்கலாம்னு எழுதியிருந்தீங்க, எனக்கு அது ஒத்து வரல. கொந்தளிப்புன்னா டர்புலன்ஸ், அது காத்தோட நிலை. நாம பேர் தேடுறது அந்தக் காத்து வந்து ஹெல்மெட்ட என்ன பண்ணுதுங்கறதுக்கு.

வேலூர்ல இருந்து ஆம்பூருக்கு ஹைவேல போறப்ப, பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி 80, 90ல வண்டி போனா தலைய ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி யாரோ அடிக்கிற மாதிரி இருக்கும், முன்னால போற லாரி நம்பர் பிளேட்டே கலங்கலாத்தான் தெரியும், ஆம்பூர்ல இறங்குறப்ப கழுத்து புடிச்சிருக்கும். காட்பாடில மெக்கானிக்கிட்ட போய் காத்து ரொம்ப அடிக்குதுன்னு சொன்னேன், அவர் கேட்ட மொத கேள்வி “இன்னாண்ணா, தள்ளுதா மொத்துதா?” எனக்கு சொல் அங்கயே கெடச்சிருச்சு. வைசரே, அதான் வண்டி முன்னாடி காத்தத் தடுக்கற கண்ணாடியே, இல்லாத வண்டில நெஞ்சுல காத்து தள்ளும், ஆனா ஒரே சீரா தள்ளும், தலை ஆடாது. இந்த ரெண்டையும் பிரிக்காததாலதான் ‘வளித்தாக்கம்’ங்கற சொல்லும் வேணாங்கறேன்.

காரணத்தப் பாத்தாலும் மொத்தல்தான் பொருந்துது. காத்து வைசரோட மேல் விளிம்புல பிச்சுக்கிட்டு சுழி சுழியா உருண்டு வருது, வைசருக்குப் பின்னாடி அழுத்தம் கம்மிங்கறதால உள்ள இழுபடுது, அந்தச் சுழிங்க ஒண்ணு மாத்தி ஒண்ணு ஹெல்மெட்டுல வந்து விழுது. 2021 நவம்பர்ல பாலாத்துல வெள்ளம் போனப்ப பாலத்துத் தூணுக்குப் பின்னாடி சுழி கழண்டு கழண்டு போச்சே, அதேதான்.

எல்லாரும் வைசர ஏத்துன்னாங்க. ஏத்துனேன், அதிகமாயிடுச்சு, நான் கொஞ்சம் உயரம், கழண்டு வர்ற காத்து நேரா தாடைக்கு வந்துருச்சு. அப்புறம் ஒரு இஞ்ச் இறக்கி, பிராக்கெட்டுக்கும் வைசருக்கும் நடுவுல ரெண்டு ரெண்டு வாஷர் போட்டு கீழ சந்து விட்டோம், அது வழியா காத்து உள்ள போய் பின்னாடி இருக்கற அழுத்தக் குறைவ கொஞ்சம் ஈடுகட்டும். இப்ப ஹெல்மெட்டுல நல்ல காத்து சீரா படுது. கொந்தளிப்பு எங்கயும் போகல, நெஞ்சு மட்டத்துக்கு எறங்கிருச்சு, மொத்தல் மட்டும்தான் நின்னுச்சு. ரெண்டுக்கும் ஒரே சொல்லா இருந்தா இந்த வரிய எப்படிண்ணா எழுதுறது?

விமானத்துலயும் ஸ்டால் ஆகறதுக்கு, அதாவது இறக்கையோட தூக்குவிசை சட்டுனு கொறயறதுக்கு முன்னாடி இறக்கைல இருந்து பிரிஞ்ச காத்து வால் பக்கம் அடிச்சு அதிர வைக்குமே, அதுக்கும் பஃபெட்னுதான் பேர், அங்கயும் இந்தச் சொல் நிக்கும்.

அப்படியே வைசருக்கும் ஒரு முடிவு பண்ணணும், ஹெல்மெட் கண்ணாடியும் வைசர் வண்டிக் கண்ணாடியும் வைசர்னா படிக்கறவன் குழம்புவான். வண்டில இருக்கறதுக்கு ‘காற்றுத்தடுப்பு’?

---

தம்பி,

கொச்சையா இருக்கேன்னு மொதல்ல தயங்கினேன், ஆனா தள்ளலுக்கும் மொத்தலுக்கும் நீங்க காட்டுன வித்தியாசம் சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். காற்றுமொத்தல் பட்டியல்ல ஏத்திடறேன், கொந்தளிப்பு டர்புலன்ஸுக்கே இருக்கட்டும். காற்றுத்தடுப்புதான் இடிக்குது, வயல் ஓரம் காத்துக்குத் தடுப்பா வைக்கிற சவுக்கு வரிசைக்கும் அதே பேர்தானே. ‘முகப்புத்தடுப்பு’ன்னு வச்சா எப்படி, சொல்லுங்க.