சிகிச்சையில் இருப்போர் எண்ணிக்கை எங்கே கிடைக்கும்? அவசரம்

நீலவானம்: சிகிச்சையில் இருப்போர் எண்ணிக்கை நாள்வாரியாக வேண்டும். நம்பகமாக எங்கே கிடைக்கும்? என்னிடம் உள்ள கோப்பில் வரைகோடு ஓரிடத்தில் செங்குத்தாக எகிறி, பிறகு இறங்கவே மறுக்கிறது. நாளை மறுநாள் கட்டுரையை ஒப்படைக்க வேண்டும்.

மருதம்: எந்த நோய்? எந்த நாடு? கோப்பு யாருடையது?

கணக்கன்: தேதியில்தான் கோளாறு. மாதமும் நாளும் இடம் மாறியிருக்கும். எனக்கு மூன்று முறை நேர்ந்தது.

நீலவானம்: தேதி சரியாக இருக்கிறது. கொரோனா, உலகம் முழுவதும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் கோப்பு. 2021 ஆகஸ்ட் தொடக்கத்தில் எகிறுகிறது.

தலைவாசல்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். கோப்பைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்கப் பழகுங்கள். குணமடைந்தோர் கோப்பில் அந்தத் தேதிக்குப் போனால் எல்லா நாட்டுக்கும் சுழியம் இருக்கும். அந்த விவரம் திரட்டுவதையே அப்போது நிறுத்திவிட்டார்கள். மொத்தத் தொற்றிலிருந்து இறந்தோரையும் குணமடைந்தோரையும் கழித்துத்தான் சிகிச்சையில் இருப்போர் எண்ணிக்கை வருகிறது. குணமடைந்தோர் இடத்தில் சுழியத்தைக் கழித்தால், முன்பு குணமானவர்கள் அத்தனை பேரும் மறுபடி நோயாளிகளாகிவிடுவார்கள்.

மருதம்: அதற்கு முந்தைய எண்களையும் நம்ப வேண்டாம். பிரிட்டனும் நெதர்லாந்தும் குணமடைந்தோர் கணக்கைத் தொடர்ந்து வெளியிடவில்லை. கடைசி 14 நாள் புதிய தொற்றுகளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கணக்கன்: பதினான்கா? என் அக்கா 19 நாள் ஆக்சிஜனில் இருந்தார். உங்கள் கூட்டலில் பதினைந்தாம் நாளே அவர் காணாமல் போயிருப்பார்.

மருதம்: மன்னியுங்கள். அது நோயைப் பரப்பக்கூடியவர்களின் உத்தேசக் கணக்கு. படுத்திருப்பவர்களின் கணக்கு அல்ல. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததால் வந்த குழப்பம்.

தலைவாசல்: ‘குணமடைந்தோர்’ என்ற சொல்லே தவறு. ‘வீடு திரும்பியோர்’ என்றுதான் எழுத வேண்டும்.

கணக்கன்: வீட்டிலேயே படுத்துத் தேறியவர் எங்கிருந்து திரும்புவார்?

தலைவாசல்: மருத்துவமனை கையெழுத்திட்டு அனுப்பியவரை மட்டுமே உறுதியாக எண்ண முடியும். மற்றதெல்லாம் ஊகம்.

கணக்கன்: அப்படியானால் பெரும்பாலான நோயாளிகளை ஊகம் என்று தள்ளிவிடுகிறீர்கள். ஒப்புக்கொள்ள மாட்டேன்.

செங்காந்தள்: நீலவானம், கழித்தலையே விட்டுவிடுங்கள். ‘அவர் வேர்ல்ட் இன் டேட்டா’ (Our World in Data) என்ற புள்ளிவிவரத் தளத்தில் மருத்துவமனைப் படுக்கையிலும் தீவிர சிகிச்சையிலும் இருந்தோர் எண்ணிக்கை நாள்வாரியாக இருக்கிறது. அன்றன்று படுக்கையில் இருந்தவர்களை எண்ணியது என்பதால், குணமடைந்தோர் கணக்கின் சிக்கல் அதில் இல்லை. எல்லா நாடுகளும் தரவில்லை. ஆகவே உலகக் கூட்டுத்தொகை போடாதீர்கள். நான்கைந்து நாடுகளைத் தனித்தனியே காட்டுங்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் திரட்டு 2023 மார்ச் 10 உடன் நின்றுவிட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நீலவானம்: சுழியம்தான். படுக்கைக் கணக்குக்கு மாறிவிட்டேன், கட்டுரை போய்விட்டது. அனைவருக்கும் நன்றி. கணக்கன், அக்கா நலமா?

கணக்கன்: தேறிவிட்டார். மாடிப்படி ஏறும்போது மட்டும் நடுவில் ஒருமுறை நிற்கிறார்.