பாலிம்ப்செஸ்ட்: ‘அழித்தெழுத்து’ வேண்டாம், ‘வழித்தெழுத்து’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம். எழுத்தைச் சுரண்டி நீக்கிவிட்டு அதன்மேல் வேறொன்றை எழுதிய பழைய தோலேட்டை ஆங்கிலத்தில் பாலிம்ப்செஸ்ட் (palimpsest) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் நீங்கள் எழுதிய கருத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுமொழி தருகிறேன்.

> பழைய எழுத்தை அழித்துவிட்டு அதன்மேல் புதிதாக எழுதிய ஏடுதானே? ‘அழித்தெழுத்து’ என்றால் எல்லோருக்கும் புரியுமே.

புரியும் ஐயா, அதில் ஐயமில்லை. ஆனால் பழைய எழுத்து அழிந்தே போயிருந்தால் ஐரோப்பிய நூலகங்கள் இந்த ஏடுகளை இப்படிப் பொத்திப் பாதுகாக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது. அழிக்கப் பார்த்தும் அழியாமல் நின்றதால்தான் இவற்றுக்கு இவ்வளவு மதிப்பு.

ஆர்க்கிமிடீசின் ஏட்டையே பாருங்கள். 10ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசில், அவருடைய நூல்களைக் கிரேக்கத்தில் படியெடுத்த தோலேடு அது. 1229இல் ஒருவர் அதன் கட்டைப் பிரித்து, எழுத்தைச் சுரண்டி எடுத்து, தாள்களை நடுவில் வெட்டி, குறுக்காகத் திருப்பி மடித்து, அதன்மேல் வேண்டுதல் நூல் ஒன்றை எழுதினார். அதனால் இன்றும் அந்த ஏட்டைத் திறந்தால் வேண்டுதல் வரிகள் இடவலமாகப் போகும். அவற்றுக்கு அடியில் மங்கிய பழுப்பு நிறத்தில் ஆர்க்கிமிடீசின் வரிகள் மேலிருந்து கீழாக ஓடும். ஹைபெர்க் என்ற டேனிஷ் அறிஞர் 1906இல் கான்ஸ்டான்டிநோப்பிளில் இதைப் பார்த்து, இன்னதென்று கண்டுகொண்டார். ஆர்க்கிமிடீசின் ‘முறை’ என்ற நூலுக்கு உலகில் இன்று இருக்கும் ஒரே படி இதுதான். 1998இல் 20 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. பிறகு பால்டிமோரில் உள்ள வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் வைத்துப் பல அலைநீள ஒளிகளில் படமெடுத்தார்கள். அப்போதும் படிக்க முடியாத பக்கங்களை ஸ்டான்ஃபோர்டில் எக்ஸ் கதிரால் படித்தார்கள்.

எக்ஸ் கதிரில் எப்படித் தெரிந்தது? அந்த மையில் இரும்பு இருக்கிறது. ஓக் மரத்தில் பூச்சிகளால் உண்டாகும் முண்டுகளான காய்ப்புகளோடு இரும்பு உப்பைச் சேர்த்துக் காய்ச்சிய மை, தோலுக்குள் இறங்கிவிடும். மேலே சுரண்டினால் நிறம் போகும், உள்ளே இறங்கிய இரும்பு போகாது. சட்டியை என்னதான் வழித்தாலும் ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதானே இருக்கிறது! அதனால்தான் ‘வழி’ என்ற வினையே இதற்குப் பொருந்தும் என்கிறேன். பாலிம்ப்செஸ்ட் என்பதற்கு மூலமான கிரேக்கச் சொல்லின் பொருளும் ‘மறுபடி சுரண்டியது’ என்பதுதான்.

> ‘சுரண்டெழுத்து’?

இன்று சுரண்டல் என்றதும் உழைப்பைச் சுரண்டுவதுதான் நினைவுக்கு வருகிறது. விட்டுவிடலாம்.

> ‘மழித்தெழுத்து’ குறளோடு ஒட்டி அழகாக இருக்கிறதே.

அழகுதான். ஆனால் எல்லாத் தோலேடும் மழித்த தோல்தான். ஆட்டுத் தோலையோ கன்றுத் தோலையோ சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரை நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டி, பிறை வடிவக் கத்தியால் சீவிய பிறகுதான் முதல் எழுத்தே எழுத முடியும். ஒரு பெரிய விவிலியத்துக்கு நூற்றுக்கணக்கான கன்றுகளின் தோல் தேவைப்பட்டது. பழைய ஏட்டைத் திரும்பப் பயன்படுத்தியது ஏன் என்பதற்கும் இதுவே விடை.

> ‘மேலெழுது’ என்று கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. அதையே எடுத்தால் என்ன?

கணினியில் மேலெழுதினால் பழையது போனது போனதுதான், இங்கே அப்படி இல்லை.

> ‘வழித்தெழுத்து’ என்றால் வழித்துணை மாதிரி, பாதையோடு தொடர்புள்ள ஏதோ என்று நினைக்க மாட்டார்களா?

முதல் பார்வையில் சிலர் நினைக்கலாம். கட்டுரையில் முதன்முறை வரும்போது பாலிம்ப்செஸ்ட் என்பதையும் பக்கத்தில் எழுதிவிட்டால் சரியாகிவிடும். மாவை வழிப்பது, முகத்தை வழிப்பது எல்லாம் தினமும் புழங்கும் பேச்சு என்பதால் சொல் சீக்கிரம் பழகிவிடும்.

அப்புறம், துணைச்சொல் இரண்டும் வேண்டும். அடியில் கிடப்பது அடிப்பாடம், மேலே எழுதியது மேற்பாடம். ‘மூலபாடம்’ வேண்டாம், அது ஒரு நூலின் முதல் வடிவத்தைக் குறிக்க ஏற்கெனவே புழங்குகிறது. வத்திக்கான் நூலகத்தில் உள்ள ஓர் ஏட்டை வைத்து எழுதிப் பார்த்தேன்: “இந்த வழித்தெழுத்தின் மேற்பாடம் விவிலியத்தின் சங்கீதங்களுக்குப் புனித அகஸ்டின் எழுதிய விளக்கவுரை, அடிப்பாடம் ரோமானிய எழுத்தாளர் சிசரோவின் ‘குடியரசு’. ஆஞ்செலோ மாய் என்ற இத்தாலிய அறிஞர் 1819இல் கண்டெடுத்து 1822இல் பதிப்பித்தார்.” எங்கும் இடறவில்லை.

உவமையாகச் சொல்லும்போதும் சொல் தாங்குகிறது. ரோமில் புனித கிளமெண்ட் கோயில் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டுக் கோயிலின் தரைக்கு அடியில் 4ஆம் நூற்றாண்டுக் கோயில், அதற்கும் அடியில் மித்ராஸ் என்ற தெய்வத்தின் வழிபாட்டு அறையோடு பழைய ரோமானியக் கட்டடம். “அந்த நகரமே ஒரு வழித்தெழுத்து” என்று எழுதினால் நன்றாகவே இருக்கிறது. ‘அழித்தெழுத்து’ என்று எழுதினால் கீழே ஒன்றுமே மிஞ்சவில்லை என்று ஆகிவிடும்.

19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் அடிப்பாடத்தைத் தெளிவாக்க காய்ப்புச் சாறு போன்ற ரசாயனங்களைத் தடவினார்கள். அப்போதைக்கு எழுத்து தெளிந்தது, பிறகு பல தாள்கள் கருத்துக் கெட்டுப்போயின. எழுத்தைச் சுரண்டியவர்கள் செய்ததைவிட, படிக்க ஆசைப்பட்டவர்கள் செய்த சேதம் சில ஏடுகளில் அதிகம் என்பது எனக்குப் பெரிய வருத்தம். அந்த ரசாயனத்துக்கு ‘தெளிப்பான்’ என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். அது பூச்சிமருந்து அடிக்கும் கருவியோடு குழம்பும். ‘எழுத்துத் தெளிவி’ என்றால் என்ன? இதற்கு மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். பல அலைநீளப் படமெடுப்புக்கான சொல்லைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம்.