சுற்றுச்சூழல் முன்னோடிகளைப் படமாக மாட்டி வைத்தால் போதுமா?

கேள்வி – கரூர் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். பசுமைப்படைப் பொறுப்பும் என்னிடம்தான் இருக்கிறது. வரும் உலகச் சுற்றுச்சூழல் நாளையொட்டி, உலகெங்கும் காட்டுக்காகவும் ஆற்றுக்காகவும் உழைத்த பெரியோர்களின் படங்களைத் தாழ்வாரச் சுவரில் வரிசையாக மாட்டி, ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு மாணவர் இரண்டு நிமிடம் பேசும்படி ஏற்பாடு செய்யத் தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டிருக்கிறார். இணையத்தில் தேடினால் இருபது முப்பது பெயர்கள் கொண்ட பட்டியல்கள் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் பிறந்த ஆண்டு, பெற்ற விருது, இறந்த ஆண்டு என்பதற்கு மேல் எதுவும் இல்லை. அதை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் குழந்தைக்கும் கேட்கும் குழந்தைக்கும் என்ன பயன் என்ற கவலை எனக்கு இருக்கிறது. யாரைத் தேர்ந்தெடுக்கலாம், அவர்களை உண்மையிலேயே பெருமைப்படுத்துவதாக அமையும்படி நிகழ்ச்சியை எப்படி நடத்தலாம் என்று படித்தறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி – வனம்நாடி

வணக்கம் ஆசிரியை அவர்களே. முப்பது பேரை விட்டுவிட்டு மூன்று பேரை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். அந்த மூவரில் ஒருவராகப் பிரேசிலின் சிக்கோ மென்டிஸ் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அமேசான் காட்டின் மேற்கு ஓரத்தில், ஆக்ரி மாநிலத்தின் ஷப்புரி என்னும் சிற்றூர்ப் பகுதியில் 1944 டிசம்பர் 15 அன்று பிறந்தவர் அவர். ரப்பர் மரங்களைக் கீறிப் பால் வடிக்கும் குடும்பத்தில் பிறந்து, பள்ளிக்கூடமே பார்க்காமல், சிறுவயதிலேயே தந்தையுடன் அத்தொழிலில் இறங்கினார். 1970களில் அரசின் ஊக்கத்தோடு பெரும் பண்ணையாளர்கள் அங்கே வந்து, மாட்டு மேய்ச்சலுக்காகக் காட்டை வெட்டி எரிக்கத் தொடங்கியபோது, பால் வடிப்போரின் பிழைப்பும் மரங்களோடு சேர்ந்து போயிற்று. அப்போது அவர்கள் கண்ட போராட்ட முறைக்கு எம்பாச்சி என்று பெயர். ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாகத் திரண்டு, ரம்பத்தோடு நிற்கும் கூலியாட்களின் முன்னால் போய் நின்று, வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பும்படி பேசுவார்கள். கூலியாட்களும் ஏழைகளே என்பதால் பலமுறை அந்தப் பேச்சு பலித்தது. தொழிற்சங்கத் தலைவர் வில்சன் பின்யெய்ரோ 1980இல் கொல்லப்பட்ட பின்னும் அந்தப் போராட்டம் நிற்கவில்லை.

மென்டிஸை நான் முதலில் நிறுத்துவதற்குக் காரணம் அவருடைய வீரம் மட்டுமன்று. 1985இல் தலைநகர் பிரேசிலியாவில் பால் வடிப்போர் முதன்முறையாகத் தேசிய அளவில் கூடியபோது, மனிதரை வெளியேற்றிவிட்டுக் காட்டைக் காக்கும் பழைய வழிக்கு மாற்றாக ஒரு திட்டத்தை முன்வைத்தார்கள். நிலம் அரசுடையதாகவே இருக்கும். யாரும் அதை விற்கவோ மொத்தமாக வெட்டவோ முடியாது. ஆனால் அங்கே வாழ்வோர் ரப்பர் பாலும் கொட்டைகளும் சேகரித்துப் பிழைக்கும் உரிமை அவர்களிடம் இருக்கும். ஏட்டறிவு குறைந்தவர்கள் என்று எண்ணப்பட்ட மக்கள், உலகின் காட்டுப் பாதுகாப்புச் சட்டங்களில் ஒரு புதிய வகையையே உருவாக்கிக் கொடுத்தார்கள்.

1987இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் அவருக்குக் குளோபல் 500 விருது அளித்தது. அந்த விருது அவர் உயிரைக் காக்கவில்லை. 1988 டிசம்பர் 22 இரவு, நாற்பத்து நான்காம் பிறந்தநாள் கழிந்து ஒரு வாரத்தில், காவலர்கள் வீட்டுக்குள் இருந்தபோதே, பின்வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். பண்ணையாளர் ஒருவரும் அவருடைய மகனும் 1990இல் தண்டனை பெற்றார்கள்.

அவருக்குக் கிடைத்த பெருமை எது என்று மாணவர்களிடம் கேட்டால், 1990 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட சிக்கோ மென்டிஸ் காப்பகத்தைச் சொல்லச் சொல்லுங்கள். ஏறத்தாழ 9.7 லட்சம் ஹெக்டேர் காடு, அவர் கேட்ட அதே சட்ட வடிவில், அவர் பெயரால் காக்கப்படுகிறது. பிரேசிலின் இயற்கைக் காப்பிடங்களை நிர்வகிக்க 2007இல் அமைக்கப்பட்ட நடுவண் நிறுவனமும் அவர் பெயரையே தாங்குகிறது. அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த மரினா சில்வா, இளவயதில் அவரோடு எம்பாச்சிகளில் நின்றவர். ஆனால் அந்தக் காப்பகத்துக்குள்ளேயே மாட்டுப் பண்ணைக்காக மரங்கள் வெட்டப்படுவது இன்றும் தொடர்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மறுமொழி – மதுரை நூலகர்

மேலே நண்பர் கூறியதை ஏற்கிறேன். இரண்டாமவராகக் கென்யாவின் வங்காரி மாத்தாய் அவர்களைச் சொல்கிறேன். உங்கள் கேள்விக்கு நேரடியாகவே பதில் தரும் நிகழ்ச்சி ஒன்று அவர் வாழ்வில் உண்டு. 1977ஆம் ஆண்டு இதே ஜூன் 5 அன்று, தேசிய மகளிர் மன்றத்தினரோடு நைரோபி நகரில் ஊர்வலமாகச் சென்று, தம் நாட்டின் பல்வேறு சமூகங்களைச் சேர்ந்த ஏழு மறைந்த தலைவர்களின் நினைவாக ஏழு மரக்கன்றுகளை நட்டார். பசுமைப் பட்டை இயக்கத்தின் தொடக்கம் அதுதான்.

நட்டதோடு விட்டிருந்தால் அவர் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது. கிராமப் பெண்களே விதை சேகரித்து, நாற்றங்கால் அமைத்து, கன்றுகளை வளர்க்கும்படி இயக்கத்தை அமைத்தார். நட்ட கன்று உயிர்பிடித்த பிறகே அதற்கான சிறு தொகை அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும். இந்த ஒரு விதியை நம் ஊர் மரம் நடும் விழாக்கள் கைக்கொண்டால் எவ்வளவு மாறும் என்று நான் அடிக்கடி எண்ணுவதுண்டு. இயக்கம் நட்ட மரங்கள் ஐந்து கோடியைத் தாண்டியிருக்கின்றன.

1989இல் நைரோபியின் நடுவே உள்ள உஹூரு பூங்காவில் அறுபது மாடிக் கட்டடம் எழுப்ப ஆளுங்கட்சி திட்டமிட்டபோது, அதைத் தனியாளாக எதிர்த்துக் கடிதம் எழுதத் தொடங்கினார். நாடாளுமன்றத்திலேயே அவரை இழித்துப் பேசினார்கள். முடிவில் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பின்வாங்கவே திட்டம் கைவிடப்பட்டது. 2004இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண்மணி ஆனார். 2011 செப்டம்பரில் அவர் மறைந்தபோது, தமக்காக மரம் வெட்டிப் பெட்டி செய்யக் கூடாது என்று அவர் விரும்பியிருந்தபடியே, மூங்கிலும் கோரையும் ஆகாயத்தாமரையும் கொண்டு பின்னிய பேழையில் அவர் உடல் கொண்டுசெல்லப்பட்டது. அரசு மரியாதையுடன் இறுதி நிகழ்ச்சி நடந்த இடம், அவர் காப்பாற்றிக் கொடுத்த அதே உஹூரு பூங்கா.

எனவே படங்களின் கீழே பிறப்பு, இறப்பு ஆண்டுகளுக்குப் பதிலாக, அவரால் பிழைத்த இடத்தின் பெயரையும் அது இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் எழுதி வைக்கலாம்.

மறுமொழி – கானுயிர் மாணவன்

நூலகர் ஐயாவின் யோசனை மிகவும் நன்று. ஆனால் இடம் பிழைத்ததை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் தோற்றவர்கள் விடுபட்டுப் போவார்கள். அமெரிக்காவின் ஜான் மியூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தில் 1838இல் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா வந்து, கலிஃபோர்னிய மலைக்காடுகளுக்காகவே வாழ்ந்தவர். 1892இல் சியரா கிளப் என்னும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பை நிறுவியவர்களில் ஒருவர். சான் ஃபிரான்சிஸ்கோ அருகே நெடிதுயர்ந்த ரெட்வுட் மரக் காடு ஒன்றை, நீர்த்தேக்கத்துக்காகக் கையகப்படுத்த முயன்ற நிறுவனத்திடமிருந்து மீட்கும் பொருட்டு, அதன் உரிமையாளர் வில்லியம் கென்ட் நடுவண் அரசுக்கே கொடையாக அளித்தார். 1908இல் அதைத் தேசிய நினைவிடமாக அறிவித்த குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், கென்டின் பெயரையே வைக்க விரும்பியும், அவர் மறுத்து மியூரின் பெயரை வைக்கச் செய்தார். மியூர் உட்ஸ் என்று அது இன்றும் வழங்குகிறது.

இதற்குப் பின் நடந்ததைத்தான் பட்டியல்கள் சொல்வதில்லை. யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குள் இருந்த ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கில் அணை கட்டி சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டத்தை மியூர் பல ஆண்டுகள் எதிர்த்துப் போராடினார். 1913இல் அதற்கு ஒப்புதல் அளித்த சட்டம் நிறைவேறியபோது, அதை ஆதரித்த நாடாளுமன்ற உறுப்பினர்களில் அதே வில்லியம் கென்டும் ஒருவர். ஒரு மனிதரின் பெயரைக் காட்டுக்குச் சூட்டியவரே, அந்த மனிதர் உயிரைப் போல் மதித்த பள்ளத்தாக்கு நீரில் மூழ்கக் கைகொடுத்தார். மறு ஆண்டே மியூர் காலமானார். உங்கள் மாணவர்கள் இந்தக் கதையைக் கட்டாயம் அறிய வேண்டும், ஏனெனில் பெயர் சூட்டுவது எளிது, அவருடைய சொல்லைக் கேட்பது கடினம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

மியூரின் குறைகளையும் மறைக்க வேண்டாம். அமெரிக்கப் பூர்வகுடியினரையும் கறுப்பின மக்களையும் பற்றி அவர் இளமையில் இழிவாக எழுதியிருக்கிறார். அவர் நிறுவிய சியரா கிளப்பே 2020இல் அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

கரூர் ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. ஆறாம் வகுப்புக் குழந்தைகளிடம் கொலையைப் பற்றியும், பெரியவர்களின் குறைகளைப் பற்றியும் பேசுவது பொருந்துமா? நம் பகுதியோடு தொடர்புடைய ஒருவரையும் சேர்க்க இயலுமா?

மறுமொழி – வனம்நாடி

கொலையை விரித்துரைக்க வேண்டியதில்லை. யார், எதற்காகக் கொன்றார்கள் என்பதை ஒரே வரியில் சொல்லி, அவர்கள் தண்டிக்கப்பட்டதையும் சொல்லிவிடுங்கள். மறைத்தால்தான் தவறு. ஹோண்டுராஸில் லென்கா பழங்குடியினரின் புனித ஆற்றில் அணை கட்டுவதை எதிர்த்த பெர்த்தா காசெரெஸ், 2015இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் பரிசு பெற்று, ஓராண்டு கழிவதற்குள் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். உலகறிந்த விருதும் ஒருவரைக் காப்பாற்றிவிடாது என்பதை எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர்கள் நிச்சயம் புரிந்துகொள்வார்கள். குறைகளைப் பற்றிய பேச்சையும் அவர்களுக்கே வைத்துக்கொள்ளலாம்.

மறுமொழி – தேனி வாசகர்

இரண்டாம் ஐயத்துக்கு என் ஊர்ப் பக்கத்திலிருந்தே பதில் இருக்கிறது. 1948இல் மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் சேகரித்த வௌவால் ஒன்று, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் சாதாரண வகை என்ற குறிப்போடு இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா அதை ஆராய்ந்து, தனிப் பேரினமே என்று கண்டு, 1972இல் பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். இரண்டே ஆண்டுகளில் தொங்லோங்யா காலமாக, தாய்லாந்தில் அவர் கண்டெடுத்திருந்த மிகச்சிறிய வௌவால் இனத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

சாலிம் அலி பழந்தின்னி வௌவால் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும் வாழ்வது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் பழந்தின்னி வௌவால்களைப் பயிரழிக்கும் உயிர்களின் பட்டியலில் சேர்த்திருந்தது. பிற்பாடு இந்த ஓர் இனம் மட்டும் அதிலிருந்து எடுக்கப்பட்டு, புலிக்கும் யானைக்கும் உரிய முதல் அட்டவணையில் இடம்பெற்றது. சாலிம் அலியின் படத்துக்குப் பக்கத்தில் இந்த வௌவாலின் படத்தையும் மாட்டுங்கள். அது எந்த மரத்தின் பழத்தைத் தின்கிறது, எந்தக் குகையில் தங்குகிறது, அந்தக் காட்டில் எந்த விதையைப் பரப்புகிறது என்று தேடிப் படித்துப் பேசும் வேலையை ஒரு மாணவியிடம் ஒப்படையுங்கள். சாலிம் அலியின் பிறந்தநாள் நவம்பர் 12. அதற்குள் அவர்களால் பள்ளியைச் சுற்றியுள்ள பறவைகளின் பட்டியல் ஒன்றையும் தயாரித்துவிட முடியும்.